ஏழு பேர் இல்லாத கடைகள்

சாவகச்சேரியில் சங்கம் இல்லாத தொழிலைத் தேடிப் பிடிப்பது கடினம். கடைக்காரருக்கு வர்த்தகர் சங்கம் உண்டு. தரிப்பிடத்தில் நிற்கும் ஓட்டோக்காரருக்கு முச்சக்கரவண்டிச் சங்கம் உண்டு. தனியார் பேருந்து உரிமையாளர்கள் நேர அட்டவணை பேசுவதும் கட்டணம் பேசுவதும் சங்கமாகத்தான். வயலுக்குக் கமக்காரர் அமைப்பு, கச்சாய்க் கடலுக்குக் கடற்றொழிலாளர் சங்கம், பனையிலும் தென்னையிலும் ஏறுபவருக்குக் கூட்டுறவுச் சங்கம். ஆசிரியர், தாதியர், மருத்துவர் எல்லோருக்கும் கொழும்புவரை நீளும் தொழிற்சங்கங்கள். இவர்கள் எல்லோருக்கும் நடுவே, புடைவைக்கடையில் காலை முதல் இரவு வரை துணி விரித்துக் காட்டும் பெண்ணுக்கும், இரும்புக்கடையில் சீமெந்துப் பை இறக்கும் பெடியனுக்கும், மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக் கொடுப்பவளுக்கும், லீசிங் கொம்பனிக்காக மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகத் தவணை அறவிடுபவனுக்கும் தங்கள் வேலையைப் பற்றிச் சேர்ந்து பேச ஓர் இடம் இல்லை.

தனியார் துறைக்கு இனித் தொழிற்சங்கம் எதற்கு என்ற கேள்வி இலங்கையில் அடிக்கடி எழுகிறது. சட்டங்கள் இருக்கின்றன, தொழில் திணைக்களம் இருக்கிறது, பிடிக்காவிட்டால் வேறு வேலைக்குப் போகலாம், வெளிநாடு போகலாம் என்பது அதற்குச் சொல்லப்படும் பதில். தென்மராட்சியில் இருந்து பார்த்தால் இந்தப் பதில் நிற்காது. இங்கே சட்டம் குறைவில்லை. அதைக் கேட்டுப் பெறுவதற்குத்தான் ஆளில்லை.

சட்டத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். 1954இன் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வேலை நேரத்தை வரையறுக்கிறது. வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை, ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் கூடிய லீவு, மேலதிக நேரத்துக்கு மேலதிகக் கொடுப்பனவு. 1958இன் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்த வேண்டும். ஓர் ஊழியர் மட்டும் உள்ள கடைக்கும் இது பொருந்தும். 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம் செலுத்த வேண்டும். ஆசியாவின் பல நாடுகளோடு ஒப்பிட்டால் இது நல்ல சட்டத் தொகுதி. இவற்றில் எதுவும் ஆட்சியாளரின் இரக்கத்தால் வந்தது அல்ல. 1920களில் இருந்து நடந்த வேலைநிறுத்தங்களின் பின்னால் வந்தவை.

இனி இந்தச் சட்டங்களுக்குள் இருக்கும் எண்களைப் பாருங்கள். 1935இன் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஒரு சங்கத்தைப் பதிவுசெய்யக் குறைந்தது 7 பேர் வேண்டும். 1971இன் வேலை முடிவுறுத்தல் சட்டம் தரும் பாதுகாப்பு 15 பேருக்குக் குறைவாக வேலைசெய்யும் இடங்களுக்கு இல்லை. 1983இன் பணிக்கொடைச் சட்டமும் 15 பேரில் இருந்துதான் தொடங்குகிறது. அதற்குக் குறைந்த இடத்தில் வேலை செய்தவர் தொழில் நியாய சபைக்குப் போய்க் கேட்க வேண்டும். 1999இல் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட திருத்தம், குறித்த தொழிலாளரில் 40 வீதத்தினர் உறுப்பினராக உள்ள சங்கத்தோடு பேச மறுப்பது முறையற்ற தொழில் நடத்தை என்கிறது. இந்த எண்கள் எல்லாம் தொழிற்சாலையை மனதில் வைத்து எழுதப்பட்டவை: ஒரே வாசலால் நூறு பேர் உள்ளே போய், ஒரே மணிக்கு வெளியே வரும் இடத்துக்கானவை. சாவகச்சேரியில் கடையில் நிற்பவர் மூவர் அல்லது ஐவர். அவர்களில் ஒருவர் முதலாளியின் மருமகனாகவும் இருக்கலாம்.

அப்படி ஓர் இடத்தில் உரிமை கேட்பது என்றால் என்ன? சேமலாப நிதி கட்டப்படவில்லை என்று தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். முறையிட்டால் அதிகாரி கடைக்கு வருவார், பதிவேடு கேட்பார். மூன்று பேர் வேலை செய்யும் கடையில் யார் முறையிட்டது என்று கண்டுபிடிக்க முதலாளிக்கு ஒரு தேநீர் குடிக்கும் நேரம் போதும். முறையிட்ட பெண்ணுக்கு அந்த வேலை போவதோடு முடிவதில்லை. வீதியில் உள்ள மற்றக் கடைக்காரரும் சங்கத்தில் ஒன்றாக இருப்பவர்கள். "அவள் கச்சேரிக்குப் போறவள்" என்ற பேச்சு அவளுக்கு முன்னால் நடந்து போகும். முதலாளி தூரத்து உறவாகவோ ஒரே கோயிலின் உபயகாரராகவோ இருந்துவிட்டால், கேட்பதே நன்றிகெட்ட செயலாகிவிடும். தனிமனிதராக எழுதிவைக்கப்பட்ட உரிமையைத் தனிமனிதராகக் கேட்க முடியாத நிலை இது. தொழிற்சங்கத்தின் மிகப் பழைய நியாயமும் இதுதான்: முறைப்பாட்டில் ஓர் ஆளின் பெயர் இல்லாமல் ஒரு சங்கத்தின் பெயர் இருக்கும்.

அதே வீதியில் கிளை வைத்திருக்கும் தனியார் வங்கிகளின் நிலை வேறு. இலங்கை வங்கி ஊழியர் சங்கம் 1920இல் தொடங்கப்பட்டது. அரச வங்கிகளில் மட்டுமின்றி ஹற்றன் நஷனல் வங்கி, கொமர்ஷல் வங்கி போன்ற தனியார் வங்கிகளிலும் அதற்கு உறுப்பினர் உண்டு. கூட்டு ஒப்பந்தம் செய்கிறது. இந்த வங்கிகள் சங்கத்தால் நொடிந்து போகவில்லை. நாட்டின் மிகப் பெரிய தனியார் நிறுவனங்களின் வரிசையில்தான் நிற்கின்றன. ஒரு கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருப்பவரின் சம்பளம் பேசித் தீர்மானிக்கப்படுகிறது. எதிர்க் கடையில் நிற்பவரின் சம்பளம் முதலாளியின் மனநிலையில் தங்கியிருக்கிறது. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்களாக இருக்கலாம். கிளை ஊழியர் பத்துப் பேர்தான் என்றாலும், அந்தப் பத்துப் பேரும் நாடு முழுவதும் பரந்த ஒரு சங்கத்தின் உறுப்பினர் என்பதுதான் வித்தியாசம்.

தனியார் நிறுவனத்துக்குள் சங்கம் கட்டுவதில் இலங்கையில் ஆழமாக இறங்கியவர் ஒரு தமிழர். 1922இல் நாகப்பட்டினத்தில் பிறந்த பாலா தம்பு, விவசாய விரிவுரையாளராக அரச சேவையில் இருந்தவர். 1947 பொது வேலைநிறுத்தத்தில் பங்கெடுத்ததால் வேலையை இழந்தார். அதே வேலைநிறுத்தத்தில் கந்தசாமி என்ற அரச எழுதுவினைஞர் பொலிஸ் சூட்டில் இறந்தார். 1948இல் தம்பு, ஏ. ஈ. குணசிங்க 1928இல் தொடங்கிய சி.எம்.யு. எனப்படும் இலங்கை வணிகத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளராக வந்தார். 2014 செப்டெம்பரில் இறக்கும்வரை, 66 ஆண்டுகள், அந்தப் பொறுப்பில் இருந்தார். ஒருவரே அவ்வளவு காலம் இருப்பது ஒரு சங்கத்துக்கு நல்லதா என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. ஆனால் அவர் கட்டிய முறை கவனத்துக்குரியது. கொழும்புக் கோட்டைப் பகுதியின் வெள்ளைக்காரக் கொம்பனிகளில் இருந்த கிளாக்கர்மாரை ஒவ்வொரு கொம்பனிக்கும் தனிச் சங்கமாகப் பிரிக்காமல், கொம்பனிகளைக் கடந்த ஒரே சங்கத்தின் கிளைகளாகச் சேர்த்தார்கள். எதிரில் இருந்த முதலாளிமார் சம்மேளனமும் 1929இல் இருந்து அப்படித்தான் சேர்ந்திருந்தது. சம்மேளனத்தோடு செய்யும் ஓர் ஒப்பந்தம் பல கொம்பனிகளுக்கு ஒரே நாளில் பொருந்தும். ஆறு பேர் உள்ள அலுவலகமும் அறுநூறு பேர் உள்ள அலுவலகமும் அதற்குள் அடங்கும்.

யாழ்ப்பாணம் அந்தக் கட்டமைப்பில் ஓரமாகவே நின்றது. இங்கே பெரிய தனியார் தொழிற்சாலைகள் குறைவு. காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், ஆனையிறவு உப்பு எல்லாம் அரசினுடையவையாக இருந்தன. ஆனாலும் இங்கே தொழிலாளர் இயக்கமே இல்லை என்று சொல்வது வரலாற்றை மறைப்பதாகும். மானிப்பாயில் பிறந்த நா. சண்முகதாசன் இலங்கைத் தொழிற்சங்கச் சம்மேளனத்தை வழிநடத்தியவர். குடாநாட்டின் இடதுசாரிகள் கூலியைப் பற்றிப் பேசும்போது சாதியைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது. ஏனென்றால் இங்கே வேலை என்பது நெடுங்காலம் ஒப்பந்தமாக இருக்கவில்லை. குடிமை என்ற பெயரில் பிறப்போடு வந்தது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலத்தைத் தொழிலாளர் வரலாற்றின் பகுதியாகவே நான் வாசிக்கிறேன்.

தென்மராட்சிக்கு நெருங்கிய உதாரணம் சீவல் தொழில். தவறணைகளைக் குத்தகைக்கு ஏலம் விட்ட காலத்தில், கள்ளின் விலையைத் தீர்மானித்தவர் குத்தகைக்காரர். மரம் ஒருவருடையது, தவறணை இன்னொருவருடையது. ஏறுபவருக்கு உயிராபத்து மட்டும் சொந்தம். ஐக்கிய முன்னணி அரசின் காலத்தில், 1972 அளவில், அந்த முறை மாற்றப்பட்டுச் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாயின. கள்ளைச் சங்கம் வாங்கியது, சங்கமே தவறணையில் விற்றது, மிஞ்சியதை வடிசாலைக்கு அனுப்பியது. வடமராட்சியின் திக்கம் வடிசாலைக்குப் பின்னால் இருந்ததும் இந்தச் சங்கங்கள்தான். கள்ளுக்கு நிச்சயமான விலை, மரத்தில் இருந்து விழுந்தவருக்கு உதவி, நடுவில் நின்ற தரகர் இல்லாமல் போனது ஆகிய மூன்றும் ஒரு சாதியின் மீது சுமத்தப்பட்ட தொழிலை வருமானமுள்ள தொழிலாக மாற்றின. போர்க்காலத்திலும் பல சங்கங்கள் தாக்குப்பிடித்தன. தனித்தனி மரங்களில் தனித்தனியாக ஏறும் மனிதர்கள் இவர்கள். ஒரே கூரைக்குக் கீழ் வேலை செய்பவர்கள் அல்ல. தொழிற்சாலை இல்லாத இடத்தில் தொழிலாளர் சேர முடியாது என்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பைத் தென்மராட்சியில் தேடத் தேவையில்லை.

பிறகு வந்ததை எல்லோரும் அறிவர். 1980 யூலை வேலைநிறுத்தத்தில் 40,000க்கு மேற்பட்டோரை ஜே. ஆர். ஜெயவர்தன அரசு வேலையால் நீக்கியது. அந்த அடியில் இருந்து இலங்கைத் தொழிற்சங்கங்கள் முழுமையாக எழும்பவேயில்லை. வடக்கில் அதன் மேல் போர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குள் வந்தது. 2000ஆம் ஆண்டுச் சமரில் சாவகச்சேரி நகரமே தரைமட்டமானது. மீண்டும் கடை கட்டியவர்கள் கடனோடும் கண்ணீரோடும் கட்டினார்கள். அந்த முதலாளிமாரை வில்லன்களாக எழுத என்னால் முடியாது. ஆனால் கடைகள் மீண்டும் எழுந்தபோது வர்த்தகர் சங்கமும் எழுந்தது. 2009க்குப் பின் ஏ-9 வீதியால் சுப்பர்மார்க்கெட்டும் லீசிங் கொம்பனிகளும் வந்தன. வேலை செய்பவரின் பக்கத்தில் மட்டும் எதுவும் எழும்பவில்லை.

மக்களுக்குத் தொழிற்சங்கம் என்ற சொல்லின் மேல் வெறுப்பு இருப்பதையும் மறைக்கக்கூடாது. 2024 யூலையில் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலை விவகாரத்தில் மருத்துவர்கள் பணியில் இருந்து விலகினார்கள். மக்கள் வீதிக்கு வந்தார்கள், நகரம் கதவடைத்தது. யார் பக்கம் நியாயம் என்பதை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. நோயாளியின் கண்ணில், சங்கம் என்பது ஏற்கெனவே பலம் உள்ளவர்களின் ஆயுதமாகத் தெரிந்தது. அந்தக் கோபத்தில் உண்மை உண்டு. ஆனால் கடையடைப்பு நடந்த நாளில் நாட்சம்பளத்துக்கு நிற்பவருக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்று கேட்க யாரும் இருக்கவில்லை என்பதும் அதே அளவு உண்மை. சங்கம் சிலருக்கு மட்டும் இருப்பதுதான் சங்கத்தைக் கெடுக்கிறது.

இரண்டாவது குற்றச்சாட்டு இன்னும் கனமானது: சங்கங்கள் கட்சிகளின் கிளைகளாகிவிட்டன. 1963இல் தொடங்கிய 21 கோரிக்கை இயக்கம் நாட்டின் பெரும்பாலான சங்கங்களை ஒரே மேடையில் சேர்த்தது. 1964இல் சமசமாஜக் கட்சி அரசில் சேர்ந்ததும் அது கலைந்தது. மலையகத்தின் கதை நெடியது. 1992இல் தோட்டங்கள் தனியார் கொம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போன பின், சம்பளம் கூட்டு ஒப்பந்தத்தால் தீர்மானிக்கப்பட்டது. கையெழுத்திட்ட சங்கங்களின் தலைவர்கள் பாராளுமன்ற உறுப்பினர்களாகவும் அமைச்சர்களாகவும் இருந்தார்கள். 1,000 ரூபா நாட்சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கை ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. 2019 தொடக்கத்தில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபா. கடைசியில் 2021இல் சம்பளச் சபை வழியாக அரசு 1,000 ரூபாவை வர்த்தமானியில் அறிவித்தது. கொம்பனிகள் நீதிமன்றம் போயின, கூட்டு ஒப்பந்தம் இல்லாமல் போனது. இதைக் காட்டி, பார்த்தீர்களா, சங்கம் செய்யாததை அரசு செய்தது என்கிறார்கள். எனக்குத் தெரிவது வேறு: உறுப்பினருக்குப் பதில் சொல்லாத சங்கம் தோற்றது. 1,000 ரூபாக் கோரிக்கையை உயிரோடு வைத்திருந்தவர்கள் வீதியில் இருந்த தொழிலாளர்தான்.

அரசு மட்டும் போதுமா என்பதற்குச் சம்பளத்தின் அண்மை வரலாறே விடை. தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் 2016இல் மாதம் 10,000 ரூபா. 2021இல் 12,500 ரூபாவாகியது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. உணவுப் பொருள்களின் விலையேற்றம் 90 வீதத்தையும் தாண்டியது. அந்தப் பேரிடர் முழுவதிலும் 12,500 அசையவில்லை. 2024இல்தான் 17,500 ஆனது. 2025 ஏப்ரலில் இருந்து 27,000, 2026 ஜனவரியில் இருந்து 30,000 என்று பின்னர் சட்டம் வந்தது, வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அரிசியும் மாவும் எரிவாயுவும் ஏறிய மாதங்களில், கடைப் பெண் அந்த இடைவெளியைத் தன் தாலிக்கொடியை அடகு வைத்தும் ஒருவேளைச் சாப்பாட்டைத் தவிர்த்தும்தான் கடந்தாள். சட்டம் ஆண்டுகளில் நகர்கிறது, விலை வாரங்களில் நகர்கிறது.

சேமலாப நிதியில் நடந்தது இன்னும் கொடியது. 2011இல் தனியார் துறை ஊழியருக்கான ஓய்வூதியச் சட்டமூலத்தை அரசு கொண்டுவந்தபோது, தங்கள் சேமலாபத்தில் கைவைக்கப்படும் என்று கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் எழுந்தார்கள். மே 30ஆம் திகதி பொலிஸார் சுட்டதில் காயமடைந்த ரொஷேன் சானக என்ற இளம் தொழிலாளி சில நாட்களில் இறந்தார். சட்டமூலம் மீளப் பெறப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 2023இல், உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின் சுமை வங்கிகளில் விழாமல் ஓய்வுகால நிதியங்களில் விழுந்தது. பிணைமுறிகளை மாற்றிக்கொள்ளாவிட்டால் 14 வீத வரிக்குப் பதில் 30 வீத வரி என்றார்கள். மூன்று ட்ரில்லியன் ரூபாவுக்கு மேற்பட்ட சேமலாப நிதி இணங்கியது. கொழும்பில் சங்கங்கள் எதிர்த்தன, வழக்குக்கும் போயின. ஆனால் 2011இன் கூட்டம் இல்லை. சாவகச்சேரியில் இருபது ஆண்டு கடையில் நின்றவரின் சேமிப்பும் அந்த நிதிக்குள்தான் இருக்கிறது. அதைப் பற்றி அவருக்கு யார் சொன்னார்கள்?

கடலுக்கு அப்பால் இரண்டு நிகழ்வுகள் இந்த இடத்தில் பயன்படும். சிறிபெரும்புதூரில் சாம்சங் ஆலைத் தொழிலாளர் 2024 செப்டெம்பர் 9இல் தொடங்கி 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளக் கோரிக்கை இருந்தாலும், நடுவில் நின்றது தாங்கள் விரும்பிய சங்கத்தைப் பதிவுசெய்யும் உரிமை. 2025 ஜனவரியில் அது பதிவானது. உயர்தொழில்நுட்பக் கொம்பனிகளில் சங்கம் பழைய காலத்துச் சங்கதி என்ற பேச்சுக்கு அந்த இளைஞர்கள் பதில் சொன்னார்கள். ஆனால் சாவகச்சேரிக்கு நெருக்கமான பாடம் கோழிக்கோட்டில் இருக்கிறது. அங்கே மிட்டாய்த் தெருவின் சிறு கடைகளில் வேலை செய்த பெண்களுக்கு மலசலகூடம்கூட இருக்கவில்லை; நாள் முழுவதும் உட்கார விடுவதில்லை. தையல் தொழிலாளியான பி. விஜி அந்தப் பெண்களைக் கடை கடையாகச் சேர்த்து ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைக் கட்டினார். பெரிய தொழிற்சங்கங்கள் அவர்களைப் பொருட்படுத்தாதபோது தாங்களே ஒரு சங்கம் தொடங்கினார்கள். 2018இல் கேரள அரசு கடைகளில் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021இல் தமிழ்நாடும் அதைப் பின்பற்றியது. எந்தக் கடையிலும் பத்துப் பேர்கூட இல்லாதிருக்கலாம். தெருவையே வேலைத்தலமாக அவர்கள் எண்ணினார்கள்.

இலங்கைச் சட்டத்தில் இதற்குத் தடையில்லை. அந்த 7 பேர் ஒரே கடையில் இருக்க வேண்டும் என்று 1935இன் சட்டம் சொல்லவில்லை. நுணாவிலில் ஒருவர், மீசாலையில் ஒருவர், கொடிகாமம் சந்தையில் இருவர், சாவகச்சேரி நகரில் மூவர் போதும். தென்மராட்சிக் கடை ஊழியர் சங்கம் பதிவாகும். 40 வீத விதி தனிக்கடையில் பேரம் பேசுவதற்குத்தான் குறுக்கே நிற்கும். ஒரு நகரத்தின் ஊழியர் சங்கம் அதே நகரத்தின் வர்த்தகர் சங்கத்தோடு விரும்பிப் பேசுவதை அது தடுக்காது. சம்பளச் சபைகள் 1941இல் இருந்து செய்துவருவதும் இதைப் போன்றதே: ஒரு தொழில்துறையின் முதலாளிமாரும் தொழிலாளரும் அரசும் ஒரே மேசையில் இருந்து அந்தத் துறைக்கான சம்பளத்தை வரையறுப்பது. அந்த மேசைக்குத் தென்மராட்சியில் இருந்தும் ஒரு குரல் போக வேண்டும்.

சிறு முதலாளிக்கு இது தாங்காது என்பார்கள். தனிக்கடையில் சம்பளம் கூட்டச் சொன்னால் தாங்காதுதான். பக்கத்துக் கடை கூட்டாதபோது இவர் மட்டும் கூட்டினால் விலையில் அடிபடுவார். சட்டப்படி சேமலாபம் கட்டும் நேர்மையான முதலாளி, கட்டாத முதலாளியோடு போட்டிபோட்டு இன்று நட்டப்படுகிறார். வீதி முழுவதற்கும் ஒரே ஏற்பாடு வந்தால் அந்த நட்டம் அவருக்கு இல்லை. இதை வர்த்தகர் சங்கத்துக்குள் இருக்கும் நல்ல மனிதர்கள் எனக்கு முன்பே அறிவார்கள் என்று நம்புகிறேன்.

முதற் பேச்சுக்குப் பெரிய கோரிக்கைகள் வேண்டியதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே நியமனக் கடிதம். சேமலாப நிதியில் கட்டப்பட்ட தொகை எவ்வளவு என்று ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் காட்டுவது. தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் முந்திய வாரங்களில் இரவு பத்து மணிவரை நிற்பவருக்கு மேலதிக நேரக் கொடுப்பனவும், வீடு போய்ச் சேர வாகனமும். துணி விரிக்கும் மேசைக்குப் பின்னால் ஒரு கதிரை. கடையடைப்பு நாளுக்கும் சம்பளம். இவற்றில் பாதி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது; மீதிக்கு ஆகும் செலவு ஒரு பண்டிகைக் கால விளம்பரத்தின் செலவைவிடக் குறைவு. ஏழு பேரின் கையொப்பத்தோடு பதிவு விண்ணப்பத்தைத் தொழில் திணைக்களத்தில் கொடுத்துவிட்டு இந்தப் பேச்சைத் தொடங்கலாம்.